நாற்பதாம் நாள், மாஸ்கோ நேரப்படி

உலான் உதே ரயில் நிலையத்தில் மூன்றாம் எண் டிக்கெட் கவுன்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் ரிம்மாவுக்கு, வாயைத் திறந்தால் இரண்டே வார்த்தைதான் வரும் என்று அந்த ஊரில் கேலி பேசுவார்கள். மாஸ்கோ நேரம். டிக்கெட்டில் அச்சாகியிருப்பது மாஸ்கோ நேரம், நிலையத்துக் கடிகாரம் காட்டுவதும் மாஸ்கோ நேரம். உலான் உதே வீடுகளில் சுவரில் தொங்கும் கடிகாரமோ அதைவிட ஐந்து மணி நேரம் முன்னால் ஓடும். இது புரியாமல், டிக்கெட் நேரத்தோடு ஐந்தைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக் கடிகாரத்தையே பார்த்திருந்து, ஐந்து மணி நேரம் தாமதமாக வந்து நிற்பவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது உண்டு. வந்தவர் கைக்குழந்தைக்காரியா, ராணுவ அதிகாரியா என்றெல்லாம் ரிம்மா பார்க்கமாட்டாள்.

“கண்ணு எதுக்கு வெச்சிருக்கீங்க? கொட்டை எழுத்துல போட்டிருக்கில்ல, மாஸ்கோ நேரம்னு? தேதியே மாறிப்போச்சு, வண்டி மட்டும் உங்களுக்காக நிக்குமா?”

போன குளிர்காலத்தில் ஒருத்தர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அம்மாவின் அடக்கத்துக்குப் போகவேண்டுமாம், வண்டி போய்விட்டதாம். “அப்ப டிக்கெட்ட முன்னாடியே ஒழுங்கா படிச்சிருக்கணும்” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நல்ல மனசுக்காரிதான், ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவள் வேறு ஆள்.

அப்பேர்ப்பட்ட ரிம்மா அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, உள்ளூர் நேரப்படி காலை ஏழு மணிக்கு மேற்கே போகும் வண்டியில் ஏறினாள். ஏறினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பையை உள்ளே எறிந்துவிட்டு, பின்னாலேயே தானும் பாய்ந்தாள். கணவன் பாயிர் நடைமேடையில் நின்று, வேகவைத்த ஆட்டுக்கறிப் பொட்டலத்தை ஜன்னல் வழியே காட்டி, மறந்துவிட்டாயே என்று சைகை செய்தான். வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டாள்.

“சாப்பிடு. தூங்கு. போய் நல்லா சண்ட போட்டுட்டு வா” என்றான் பாயிர். அவன் மங்கோலிய வழிவந்த புரியாத் இனத்துக்காரன், அதிகம் பேசமாட்டான். இந்தச் சண்டைக்கே அவன்தான் காரணம் என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்துப் பேசினான்.

சண்டை அப்பாவோடு. அப்பா செத்துப்போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், மேற்கே கீரவ் நகரத்தில், ரயில் பணிமனையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்த சவேலியின் முன்னால் அவர் மகள் ஒரு புரியாத் பையனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். அவர் பையனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இந்த மங்கோலியப் பயலோட போறதா இருந்தா, இந்த வாசல்ல இனிமே கால வெக்காதே” என்றார். அவள் அப்படியே போய்விட்டாள். புது வருஷத்துக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாள், பதில் இல்லை. மகன் அல்தார் பிறந்தபோது படம் அனுப்பினாள், அதற்கும் இல்லை. பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். தம்பி வேன்யாவுக்கு அவள் கிளம்பும்போது பதின்மூன்று வயது, குரல்கூட உடையவில்லை. அவனும் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டு அவளோடு பேசுவதை விட்டான். நல்லது கெட்டது எதுவானாலும் அவன் மனைவி அல்பீனாதான் போன் செய்வாள்.

இந்தச் செய்தியும் அல்பீனாவிடமிருந்துதான் வந்தது. செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, இன்னும் விடியவில்லை, நாலரை மணி. “அக்கா, மாமா போயிட்டாரு” என்று அழுதாள். மூன்றாம் நாள் அடக்கம் என்றாள். இங்கிருந்து கீரவுக்கு ரயிலில் மூன்றேகால் நாள். ரெண்டு நாள் தள்ளி வையுங்க, நான் வந்து ஒரு பிடி மண்ணாவது போடுறேன் என்று ரிம்மா கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. அல்பீனா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, வேன்யா சொன்னதை அப்படியே சொன்னாள்: “அவளுக்காகக் காத்திருந்தது போதும்.”

அன்றைக்கே சமையலறைக் காலண்டரில் பதின்மூன்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அதிலிருந்து விரல்விட்டு எண்ணினாள் ரிம்மா. நாற்பதாம் நாள் அக்டோபர் இருபத்திரண்டில் விழுந்தது. இறந்தவருக்கு நாற்பது நாள் வரை போக்கிடம் கிடையாது, வீட்டைச் சுற்றிக்கொண்டேதான் இருப்பார், நாற்பதாம் நாள் பந்தியில் ஒரு கோப்பை ஊற்றி, மேலே ரொட்டித் துண்டு வைத்து வழியனுப்பினால்தான் கிளம்புவார் என்று ரஷ்யக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். ரிம்மா கோயிலுக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் இதை நம்பினாள். நாற்பது நாள் வரைக்கும் அந்த மனுஷனுக்குக் காது கேட்கும். இருபத்துநாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, ஊர் உறவெல்லாம் உட்கார்ந்திருக்கும் பந்தியில் அவர் கோப்பைக்கு எதிரில் நின்று சொல்லவேண்டும். அடுத்த நாள் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரிதான்.

டிக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டாள். இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு பத்துக்குக் கீரவில் இறங்க வேண்டியது. பந்தி எப்போதும் பன்னிரண்டுக்குத்தான். திட்டி முடித்துவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்ப வேண்டியது. அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிற உத்தேசம்கூட அவளுக்கு இல்லை.

திறந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அவளுக்குக் கீழ்ப்படுக்கை. மேல்படுக்கையில் மராத் என்றொரு சுரங்கத் தொழிலாளி, தியூமென் வரை போகிறவன். மேல்படுக்கைக்காரன் கீழே உட்கார வேண்டுமானால் கீழ்ப்படுக்கைக்காரரைக் கேட்டுத்தான் உட்கார வேண்டும். அவன் கேட்டான்.

“அக்கா, செத்த உக்காந்து டீ குடிச்சுக்கட்டுமா?”

“குடி. ஆனா உறிஞ்சாத.”

அவன் உறிஞ்சாமல் குடிக்கப் பார்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

மதியம், பைக்கால் ஏரிக் கரையில் ஸ்லூத்யங்காவில் வண்டி நின்றபோது எதிர்க் கீழ்ப்படுக்கைக்குத் தைசியா வந்து சேர்ந்தாள். அறுபது வயது, பீப்பாய் உடம்பு, கை நிறையப் புகைபோட்ட ஓமுல் மீன். பெர்மில் இருக்கும் மகளிடம் போகிறாள். உட்கார்ந்த பத்தாவது நிமிஷத்தில், தான் மூன்று புருஷன்களைப் புதைத்தவள் என்று சொல்லிவிட்டாள். அதில் ஒரு பெருமையும் தெரிந்தது.

“மூணு பேருக்கும் ஒம்பதாம் நாள், நாப்பதாம் நாள், வருஷம், எல்லாம் குறைவில்லாம செஞ்சேன். ரெண்டாவது ஆளு அதுக்குத் தகுதியில்லாதவன். அவனுக்கும் செஞ்சேன்.”

இப்படிப்பட்ட துணை கிடைத்தால் ரிம்மா சும்மா இருப்பாளா? இர்குத்ஸ்க் வருவதற்குள் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். அப்பா, வாசல், பதில் வராத அட்டைகள், தம்பி சொல்லியனுப்பிய அந்த ஒரு வரி. சொல்லச் சொல்லக் கோபம் குறையும் என்பார்கள். இவளுக்கு ஏறிக்கொண்டே போனது. கதவை அடித்துச் சாத்திய பக்கத்துப் படுக்கைக்காரரைத் திட்டினாள். வெந்நீர் பாய்லரில் கரி போதவில்லை என்று பெட்டிப் பொறுப்பாளர் இராயிதாவைத் திட்டினாள். இராயிதா இருபது வருஷமாக இதே தடத்தில் ஓடுகிறவள், திட்டு அவளுக்குப் பழகிய சத்தம். “கரி போட்டாச்சும்மா, நீங்கதான் அதவிடச் சூடா இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

“அப்பா பேசுனா எப்படி இருக்கும்?” என்று கேட்டாள் தைசியா. “என் மூணாவது ஆளு பேசுனா ஜன்னல் அதிரும்.”

ரிம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். வாய் அப்படியே நின்றது.

“வார்த்தை ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. குரல் வரமாட்டேங்குது. இருபத்துநாலு வருஷம்... அதையும் அந்த ஆளு எடுத்துட்டுப் போயிட்டாரு பாருங்க” என்றாள். அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிராஸ்னயார்ஸ்க். இருபது நிமிஷம் நிற்கும். இடையில் காட்டுக்குள் சிக்னல் கிடைக்காத செல்பேசிகள் எல்லாம் அங்கே ஒரேயடியாக உயிர்பெற்றன. ரிம்மா நடைமேடையில் இறங்கி அல்பீனாவைக் கூப்பிட்டாள். நாளை மறுநாள் காலையில் வந்துவிடுவேன், யாரும் நிலையத்துக்கு வரவேண்டாம், எனக்கு வழி தெரியும் என்று சொல்வதற்காக.

“நாளை மறுநாளா?” என்றாள் அல்பீனா. “அக்கா, நாப்பதாம் நாள் நாளைக்குத்தானே? படையலுக்குக் கோதுமையக்கூட ஊறப்போட்டாச்சு. நாளைக்குப் பன்னண்டு மணிக்கு எல்லாரையும் வரச்சொல்லியிருக்கு.”

ரிம்மா போட்ட சத்தத்தில், நடைமேடையில் பொரித்த பன் விற்றுக்கொண்டிருந்தவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மாத்திட்டீங்களா? நான் வர்றது தெரிஞ்சு ஒரு நாள் முன்னாடி தள்ளிட்டீங்களா? மண்ணு போட விடல, இப்ப பந்தியிலயும் உக்கார விடமாட்டீங்களா? உன் புருஷங்கிட்ட போன குடு! குடுடி!”

“நாங்க ஒண்ணும் மாத்தலக்கா. நாப்பதாம் நாள் நாளைக்குத்தான் வருது...”

“குடுன்னு சொன்னேன்!”

அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு கேட்டது. வேன்யா வாங்கவில்லை. இராயிதா வண்டிக் கதவில் நின்று கொடியை ஆட்டினாள். ரிம்மா ஏறினாள்.

பெட்டியே அவள் பக்கம் சேர்ந்துவிட்டது. மராத் மேலேயிருந்து குதித்து இறங்கி, “இது பச்சை அநியாயம்க்கா. எங்க பக்கம்னா அந்தத் தம்பியக் கூப்பிட்டு வெச்சு நாலு கேள்வி கேப்பாங்க” என்றான். பக்கவாட்டுப் படுக்கைக்காரர் எழுந்து வந்து, சாவை வைத்துக்கூட அரசியல் செய்கிறார்கள் என்று தலையாட்டினார். தைசியா மட்டும் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ரிம்மா, அப்பா எப்போ போனாரு?”

“சொன்னேனேக்கா. செப்டம்பர் பதிமூணு.”

“உனக்கு யாரு சொன்னா?”

“அல்பீனா போன் பண்ணா. விடியக்காலை நாலரைக்கு. காலண்டர்ல நானே வட்டம் போட்டேன்.”

“உங்க ஊர்ல நாலரை.” தைசியா முட்டையைக் கீழே வைத்தாள். “கீரவுல அப்போ மணி என்ன?”

கவுன்டர் மூன்றில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால், கேட்டு முடிக்கும் முன்னால் பதில் சொல்லியிருப்பாள். நாலரையில் ஐந்து போனால் முந்தின நாள் இரவு பதினொன்றரை. பன்னிரண்டாம் தேதி. அப்பா பன்னிரண்டாம் தேதி இரவு செத்துப்போனார். அவர் வீட்டுக் காலண்டரில் அது பன்னிரண்டுதான், அவர் கல்லறையில் வெட்டப்போவதும் பன்னிரண்டுதான். நாற்பதாம் நாள் இருபத்தொன்று. உலகத்தில் ஒரே ஒரு சமையலறையில் மட்டும் பதின்மூன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கிறது.

யாரும் எதையும் மாற்றவில்லை.

மராத் மெல்ல எழுந்து தன் படுக்கைக்கு ஏறிக்கொண்டான். ரிம்மாவின் கன்னம் இரண்டும் சிவந்து, காதுவரைக்கும் சிவந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதர் அவள் கண்முன்னால் வந்தார். தேதியே மாறிப்போச்சு. டிக்கெட்ட ஒழுங்கா படிச்சிருக்கணும். அவருக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

இறங்கிவிடலாமா என்று பார்த்தாள். விமான நிலையம் உள்ள அடுத்த பெரிய ஊர் வரவே ராத்திரி ஆகிவிடும், அங்கே விமானம் பிடித்தால் மாஸ்கோவில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ஒரு ராத்திரி ரயிலில் கீரவுக்குத் திரும்பி வரவேண்டும். அதுவும் இருபத்திரண்டுதான். கால அட்டவணை முழுவதும் அவள் தலையில் இருக்கிறது, எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இருபத்திரண்டு. இந்த நாட்டை யார் இவ்வளவு பெரிதாகச் செய்து வைத்தது என்று ஜன்னலைப் பார்த்துத் திட்டினாள். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மட்டும் மணிக்கணக்காக ஓடின.

அன்றைக்கு முழுவதும் அவள் சாப்பிடவில்லை. பாயிர் கொடுத்த கறி பொட்டலத்திலேயே இருந்தது.

மறுநாள் இஷிமில் வண்டி நின்றபோது தைசியா இறங்கிப் போய், நடைமேடைக்காரிகளிடம் பான்கேக் வாங்கிக்கொண்டு ஏறினாள். வந்ததும் மேஜையைத் துடைத்தாள். ஜன்னலோரம் இரண்டு முழம்கூட இல்லாத சின்ன மேஜை. வெந்நீர் ஊற்றிய அரிசிக் கஞ்சியில் தேனும் உலர்திராட்சையும் கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். ஓமுல் மீனைப் பிரித்து வைத்தாள்.

“என்னக்கா பண்றீங்க?”

“நாப்பது. உங்கப்பன் இன்னும் கிளம்பல. அங்க பன்னண்டு மணிக்குத்தானே பந்தி? மேல பாரு, மணி.”

பெட்டியின் கோடியில் தொங்கிய கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. அதுவும் மாஸ்கோ நேரம்தான்.

“ரயில்லயா?”

“அந்த மனுஷன் ஆயுசு பூரா ரயில்ல வேலை பாத்தவன்தானே? வழி தெரியாதா அவனுக்கு?”

மராத் தன் பையின் அடியிலிருந்து ஒரு வோட்கா பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு இறங்கினான். ரயிலில் குடிக்கக்கூடாது என்று சட்டம். இராயிதா பார்த்துவிட்டாள். கிட்டே வந்து மேஜையையும் கிண்ணத்தையும் பார்த்தாள். பேசாமல் திரும்பிப் போய், உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளர்கள் நாலைக் கொண்டுவந்து வைத்தாள். “அது டீதான்னு நான் நெனச்சுக்கறேன்” என்றாள்.

சரியாகப் பன்னிரண்டுக்கு மராத் ஒரு டம்ளரில் ஊற்றினான். தைசியா அதன்மேல் கறுப்பு ரொட்டித் துண்டு ஒன்றை வைத்து, ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். மற்ற டம்ளர்களிலும் கொஞ்சம் ஊற்றப்பட்டது. இந்தப் பந்தியில் டம்ளரோடு டம்ளர் இடிக்கமாட்டார்கள். போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் குடிப்பார்கள்.

“சொல்லும்மா” என்றாள் தைசியா. “நல்லதா ஏதாவது சொல்லு.”

ரிம்மா எழுந்து நின்றாள். மேல்படுக்கை இடித்ததால் முழுதாக நிற்க முடியவில்லை, கொஞ்சம் குனிந்து நின்றாள். ஊர்ப் பந்தியில் நிமிர்ந்து நின்று சொல்ல வைத்திருந்ததை இப்படிக் குனிந்து நின்று சொல்லவேண்டி வந்ததே என்று அதற்கும் ஆத்திரம் வந்தது.

“நல்லதா சொல்றதுக்கு என்னத்த குடுத்துட்டுப் போனே?” என்றாள் டம்ளரைப் பார்த்து.

தைசியா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். “ஐயோ, இன்னிக்கு அப்படிப் பேசக்கூடாதும்மா...”

“இன்னிக்குப் பேசாம என்னிக்குப் பேசறதுக்கா? நாளைக்கு அந்த ஆளுக்குக் காது கேக்காதே!” மறுபடி டம்ளர் பக்கம் திரும்பினாள். “மங்கோலியப் பயல்னு சொன்னியே, அந்தப் பயல் இருபத்துநாலு வருஷத்துல உன்னப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை பேசலப்பா. ஒண்ணே ஒண்ணு! நான்தான் பேசுனேன், அவன் எழுந்து வெளிய போயிடுவான். உன் பேரனுக்கு உன் மூக்கு. கண்ணு அவனோடது, மூக்கு அப்படியே உன்னோடது, கண்ணாடி பாக்கும்போதெல்லாம் உன் மூஞ்சியப் பாக்கறான், யாருதுன்னு தெரியாமலே. அவன் படத்த என்ன பண்ணே? கிழிச்சியா? அடுப்புல போட்டியா? அட்டையெல்லாம்? படிச்சியா, படிக்காமயே போட்டியா? அதச் சொல்ல என்னப்பா உனக்கு? ஒரு வரி. ‘கிடைச்சுது’ன்னு ஒரு வரி. கை வலிச்சிருக்குமா? வாசல்ல கால வெக்காதேன்னே. சரி, வெக்கல. நீயாவது அந்த வாசலத் தாண்டி வந்தியா? உனக்கும் ரயில் ஓடுச்சுதானே? நீ பழுது பாத்து அனுப்புன எஞ்சின்தானே எங்க ஊரு வரைக்கும் வருது! எஞ்சின் வந்துது. நீ வரல!”

பெட்டியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எங்கோ ஒரு குழந்தை மட்டும் எதையோ கேட்டது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

“இப்ப நானும் வரல. ஒரு நாள் தப்பிப் போச்சு. நம்ம ரெண்டு பேரும் சேந்து லட்சணமா பண்ணியிருக்கோம். போ. போறதுன்னா போ. ஆனா சமாதானம் ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டுப் போகாதே. ஆகல.”

குடித்தாள். உட்கார்ந்தாள். டம்ளரில் ரொட்டி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வண்டி ஆடியதால்தான்.

பிறகு தைசியா தன் டம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மூணு பேருக்கு நாப்பது வெச்சிருக்கேன். மூணு தடவையும் எழுந்து நின்னு தங்கமான மனுஷன்னு சொன்னேன். அந்த ரெண்டாவது நாய இப்படி ஒரு தடவையாவது கேட்டிருக்கணும்.” மீனை ரிம்மா பக்கம் தள்ளினாள். “சாப்பிடு.”

ரிம்மா சாப்பிட்டாள். பாயிர் கொடுத்த கறியையும் எடுத்து எல்லாருக்கும் வைத்தாள். மராத் தியூமெனில் இறங்கும்போது அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். தைசியா பெர்மில் இறங்கிப் போனாள். அந்த டம்ளரை மட்டும் இராயிதா எடுக்கவில்லை, காலைவரை அது ஜன்னலோரம் அப்படியே இருந்தது.

திட்டித் தீர்த்துவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அத்தனை கேள்வி கேட்டும் எதிரில் இருந்து ஒரு சத்தம் வரவில்லையே. அந்தப் பக்கம் யாரோ இருந்தார்களா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு பத்து. ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் வண்டி கீரவில் நின்றது. டிக்கெட்டில் எந்தத் தப்பும் இல்லை.

நடைமேடையில் ஒரே ஒரு ஆள் நின்றான். முப்பத்தேழு வயது, காதுவரை இழுத்துவிட்ட குல்லாய், இரண்டு நாளாக மழிக்காத முகம். அந்த முகத்தில் பதின்மூன்று வயதுப் பையனைத் தேடிக் கண்டுபிடிக்க ரிம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வேன்யா. அவனுக்கென்று தயாராக நாலு வார்த்தை அவள் நாக்கில் இருந்தது. மண் போடவிடாமல் செய்தவன். பையோடு நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

அவன் முந்திக்கொண்டான்.

“ஒரு நாள்! வாழ்க்கையிலயே ஒரு தடவை வர்றே, அதுவும் ஒரு நாள் கழிச்சு வர்றே! ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தவளுக்குத் தனக்கு ஒரு டிக்கெட் போட்டுக்கத் தெரியல! வருஷா வருஷம் ரயில்வேக்காரன் ஓசிப் பாஸ் குடுத்தானில்ல உனக்கு? எத்தனை? இருபத்திரண்டு! கடலுக்குப் போனே, மலைக்குப் போனே, இந்தப் பக்கம் ஒரு தடவை வந்து கதவ உதைச்சியா? வாசல்ல கால வெக்காதேன்னா, வெக்காமயே இருந்துடுவியா நீ? உன் கோவமும் அந்த ஆளு கோவமும், நடுவுல கிடந்து நான் செத்தேன்! கடைசி வாரம் பூரா அப்பா கதவச் சாத்த விடல தெரியுமா, தெரியுமா உனக்கு? குளிர்ல வீடே விறைச்சுப் போச்சு, சாத்தாதேங்கறாரு, எதுக்குன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறாரு! தனியா நின்னு மண்ணு போட்டேன். நேத்து தனியா நின்னு பந்தி நடத்துனேன். இப்ப வந்து நிக்கறா, பையத் தூக்கிக்கிட்டு!”

நடைமேடையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரிம்மா அசையவில்லை. நாக்கில் இருந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கடைசிச் சொல்லை வெடுக்கென்று கடித்துத் துப்புகிற அந்தத் தோரணை. ‘தெரியுமா’ என்பதை இரண்டு தடவை சொல்கிற வழக்கம். சத்தம் மேலே போகும்போது நடுவில் ஓரிடத்தில் கரகரவென்று உடைகிறதே, அந்த இடம்கூட. அப்படியே. அச்சு அசல். இருபத்துநாலு வருஷமாக எவ்வளவு யோசித்தும் வராத அது, அந்த வாசலில் நின்று அவளைத் துரத்திய அதே குரல், இந்தக் குல்லாய்க்காரனின் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வேன்யா மூச்சு வாங்கினான். அக்கா பதிலுக்குக் கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தாமல் நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அவள் பையை வாங்கக் கையை நீட்டினான்.

ரிம்மா பையைக் கொடுக்கவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“ஏன்டா நிறுத்துனே?” என்றாள். “திட்டு. நிறுத்தாம திட்டு.”